இழுக்கிற குதிரைக்கு என்ன கடிவாளம்?

‘வாய் கெட்டியான குதிரை’ என்று லாயத்திலும் சந்தையிலும் சொல்வார்கள். வாரை இழுத்தால் நிற்காது, கையைப் பிடுங்கிக்கொண்டு போகும், வெளியே கூட்டிப் போனால் திரும்பி வரும் வழியெல்லாம் ஓட்டம்தான் என்று அர்த்தம். இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான், இன்னும் கடுமையான இரும்பாகப் பார்த்து வாயில் போடுவது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அதற்காக, இரும்பே வேண்டாம், பாசமாகப் பேசினால் குதிரை கேட்கும் என்கிற கட்சியிலும் நான் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையைக் குறுக்கே கடக்கும்போது தேங்காய் லாரி வந்தால் குதிரை நின்றாக வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தோப்பு கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம். சவாரி போவது பெரும்பாலும் மேற்கே. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டித்தடம், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்து வாய்க்கால் கரை, அப்புறம் எந்த இடத்தில் மாநிலம் மாறுகிறது என்று கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய மண் ரோடுகள். அந்தப் பக்கம் சித்தூர் தாலுகா (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்). கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நிறைய வீடுகளில் தமிழ்தான் பேச்சு. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகிற கள்ளில் பெரும்பங்கு இந்தத் தாலுகாத் தென்னைகளில் இறக்குவது என்பதால் காலை நேரத்தில் கேன்கள் தடதடக்கக் கள்ளு வண்டிகள் போகும், அந்தச் சத்தம் குதிரைக்கு ஆகாது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வேறு. மட்டை எப்போது எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது, நம்மைவிட அது குதிரைக்கு நன்றாகத் தெரியும். நடுவில் யாராவது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று “சேச்சி, குதிர சவிட்டுமோ?” என்று கேட்பார்கள். உதைக்காது, இழுக்கும், அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் இருபதடி தள்ளிப் போயிருப்போம்.

குதிரை ரேஸில் ஓடி ஓய்ந்தது. விதை நீக்கிய ஆண், ரேஸுக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனம். ரேஸ் புத்தகத்தில் இருக்கிற பெயர் வாயில் நுழையாது, எங்களுக்கு அது செவலை. கூட இருப்பவர் பாய். ஊட்டி சீசனுக்கு வருஷா வருஷம் குதிரைகளோடு ஏறிப்போய் இறங்கியவர், சைஸ் வேலையிலேயே, அதாவது குதிரை பராமரிக்கிற வேலையிலேயே, தலை நரைத்தவர். செவலை என்னைத் தோப்பு கேட்டுக்குள் ஓட்டமாகவே கொண்டுவந்து சேர்த்த ஒரு நாளில் அவர் சொன்னார்: “அம்மணி, நீங்க நிறுத்தச் சொல்றீங்க, அது ஓடச் சொல்றீங்கன்னு நினைக்குதுங்க.”

இது தத்துவம் இல்லை, ரேஸ் குதிரையின் பாடத்திட்டம். ஜாக்கி இரண்டு வார்களையும் குறுக்கே சேர்த்துப் பிடித்து, அந்தக் கையைக் குதிரையின் கழுத்தில் ஊன்றிக்கொள்வார். குதிரை இரும்பின் மேல் சாய்ந்து, அந்தப் பிடியை நம்பி நீளமாகப் பாயும். பிடி இறுக இறுக வேலை தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பிடி விட்டால் வேலை முடிந்தது, மூச்சு வாங்கலாம். ரெண்டு மூன்று வருஷம் தினமும் காலையில் இதைப் படித்த குதிரை மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பிடித்தால் அது நிற்குமா என்ன? வேகம் கூடும். நாம் பயந்து இன்னும் இழுப்போம். அது நல்ல மாணவன், இன்னும் நீட்டிப் போடும்.

ஆகவே இரும்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரும்பு எங்கே உட்காருகிறது என்று பார்த்துவிட வேண்டும். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. குதிரை வாயில் இரும்பு போட முடிந்ததே அந்த இடைவெளியால்தான். கீழ்த்தாடையில் அந்த இடத்தில் எலும்பின் விளிம்பு கூர்மையாக இருக்கும், அதன் மேல் மெல்லிய ஈறு, அவ்வளவுதான், மெத்தை எதுவும் கிடையாது. நாக்கு தடியானது, வாயை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு கிடக்கும். இரும்பு முதலில் அழுத்துவது நாக்கை, அப்புறம் ஈறை, வாய் மூலைகளை. சில வகை இரும்பு மேலண்ணத்தையும் தொடும். கெட்டி வாய் என்று நாம் சொல்வது உண்மையில் பட்டுப்பட்டு மரத்துப்போன வாய், அல்லது வலியிலிருந்து ஓடப் பார்க்கிற வாய். வலித்தால் நிற்பது மனிதனின் வழக்கம். ஓடிப் பிழைக்கிற பிராணி வலித்தால் ஓடும்.

வாய்க்குள் பார்க்கச் சொல்கிறேன் என்றால் நிஜமாகவே பார்க்க வேண்டும். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தி மாதிரி தேய்ந்து கன்னத்தைக் கிழிப்பது சாதாரணம், வருஷத்துக்கு ஒருமுறையாவது ராவிவிட வேண்டும். சில குதிரைகளுக்கு முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் பட்டாணி அளவில் ஒரு குட்டிப் பல் இருக்கும், ஓநாய்ப்பல் என்பார்கள், பெரும்பாலும் மேல்தாடையில். இரும்பு அதில் தட்டினால் குதிரை தலையை உதறும், அதற்கு எந்தக் கடிவாளமும் மருந்தில்லை. எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் மாட்டுக்குத்தான் பழகியவர், நல்ல மனிதர், ஆனால் குதிரை வாயைத் திறக்கச் சொன்னால் கொஞ்சம் தயங்குவார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோ அந்தப் பக்கம் திருச்சூர் மண்ணுத்தியோ கேட்டுப் பார்ப்பது நல்லது. அப்புறம் சேணம். முதுகில் அழுத்தினாலும் குதிரை முன்னால்தான் ஓடும், நாம் வாயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

பல் சரி, முதுகு சரி, இன்னும் இழுக்கிறது என்றால் அது எப்படி இழுக்கிறது என்று கவனிக்க வேண்டும். கடிவாளம் தேர்வில் எனக்கு முக்கியம் இதுதான். ‘என் குதிரை இழுக்கிறது, எந்தப் பிட் போடலாம்’ என்று கேட்டால் பதில் கிடையாது. தலையை எங்கே கொண்டுபோகிறது?

சில குதிரை மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு ஓடும். அப்போது இரும்பு ஈறை விட்டு நழுவிக் கடைவாய்ப் பல்லைப் பார்த்து மேலே போய்விடும், நாம் இழுப்பது வாய் மூலையை மட்டும். செவலை இந்த ரகம். இன்னொரு ரகம் தலையைக் கீழே போட்டு, முழு முன்பாரத்தையும் நம் கையில் சாய்த்துவிட்டுப் போகும், வீடு வந்து சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மூன்றாவது ரகம் மோவாயை மார்போடு மடித்து ஒளித்துக்கொண்டு ஓடும். பார்க்க அழகாக வளைந்த கழுத்தாக இருக்கும், கையில் எடையே இருக்காது, ஆனால் வேகம் குறையாது. இந்த மூன்றுக்கும் ஒரே இரும்பைச் சிபாரிசு செய்கிறவரிடம் வேறு எதுவும் வாங்காதீர்கள்.

மோவாயை மடிக்கிற குதிரைக்கு ஏற்கெனவே வாயில் இருப்பதே அதிகம் என்பது பெரும்பாலும் உண்மை. அதற்கு இன்னும் கடுமையானதைப் போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய். மூட்டு இல்லாமல் லேசாக வளைந்த ஒரே தண்டு, முடிந்தால் ரப்பர் போட்டது, அதைப் போட்டுப் பார்த்து, இரும்பை நம்பலாம் என்று அது கற்றுக்கொள்ள விட வேண்டும். கீழே சாய்கிற குதிரைக்கோ தடித்த ரப்பர் போட்டால் சாய்வதற்குச் சௌகரியமான திண்ணை கட்டிக் கொடுத்த கதைதான். அதற்கு வாட்டர்ஃபோர்டு என்றொரு வகை உண்டு, வாய்க்குள் போகிற பகுதி முழுக்கக் குண்டு குண்டாகக் கோத்த சங்கிலி போல எல்லாப் பக்கமும் மடங்கும். பிடித்துத் தொங்க நிலையான தண்டு இல்லாததால் சாய முடியாது. ஆனால் கை சும்மா இருக்க முடியாதவர்கள், வாரைப் பிடித்துத்தான் உட்காரவே முடிகிறது என்கிறவர்கள் இதைத் தொடக்கூடாது, வாயைப் புண்ணாக்கிவிடும். பக்கவாட்டில் வளையம் வளையமாக அடுக்கிய டச்சு கேக் (Dutch gag, தின்கிற கேக் இல்லை) என்ற வகையும் தலையைத் தூக்க உதவும். அதையே மூக்கை வானத்துக்கு நீட்டுகிற குதிரைக்குப் போட்டால்? தூக்குகிற தலையை இன்னும் தூக்கும். வளையங்களும் நெம்புகோலும் பார்க்க மிரட்டலாக இருப்பதால் ‘ஸ்ட்ராங் பிட்’ என்று வாங்கிவிடுகிறார்கள், அது எந்தத் திசையில் ஸ்ட்ராங் என்று பார்ப்பதில்லை.

நெம்புகோல் இல்லாமல், வார் நேராக வாயில் இழுக்கும் இரும்பான ஸ்னாஃபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் ஒரே மூட்டு வைத்த ஸ்னாஃபிள்தான் எங்கும் கிடைப்பது, சாதுவான இரும்பு என்ற பெயரும் அதற்குத்தான். இரண்டு வாரையும் ஒருசேர இழுத்தால் அது பாக்குவெட்டி போல மடங்கி நாக்கை இரண்டு பக்கமும் கவ்வும். மேலண்ணம் தாழ்ந்த குதிரைக்கு மூட்டின் முனை அங்கேயும் குத்தும். நடுவில் சிறு உருண்டையோ தட்டையான துண்டோ வைத்து இரண்டு மூட்டாகப் பிரித்தது நாக்கின் மேல் பரவலாக உட்காரும். தடிமன் அதிகமானால் சாது என்பதும் முழு உண்மையில்லை. மெல்லிய இரும்பு கூர்மையாக அழுத்தும், சரிதான், ஆனால் சின்ன வாயில், தடித்த நாக்கில், 18 மில்லிமீட்டர் தண்டைத் திணித்தால் குதிரைக்கு வாயை மூடவே இடம் இருக்காது. 14 முதல் 16 வரை பெரும்பாலான குதிரைகளுக்கு ஒத்துவரும். வாயைத் திறக்கிறது என்று மூக்குப்பட்டியை இறுக்கிக் கட்டுவது அடுத்த தப்பு. மூக்குத்தண்டின் மேல் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் குதிரை சொல்ல வந்ததை வாயைக் கட்டி நிறுத்தியிருக்கிறோம், பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

செவலைக்கு நான் கடைசியில் வந்து நின்றது பெல்ஹாமில். மூட்டில்லாத வளைந்த தண்டு, அதன் இரு முனையிலும் மேலும் கீழுமாக நீளும் கம்பி (இதைத்தான் காது என்கிறேன்), மோவாய்க்கடியில் சங்கிலி, இரண்டு ஜோடி வார். பழைய பட்டாளத்துப் படங்களில் பார்த்திருக்கலாம். இன்றைக்கு இதைப் போட்டு வந்தால் தெரிந்தவர்கள்கூட ‘இவ்வளவு பெரிய இரும்பா’ என்று முகம் சுளிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

மேல் வளையத்தில் மாட்டிய வாரைப் பிடித்தால் அது கிட்டத்தட்டச் சாதாரண ஸ்னாஃபிள் வேலைதான் செய்யும். கீழ் வளையத்து வாரைத் தொட்டால் நெம்புகோல் திரும்பும். தண்டு உட்காரும் இடத்துக்கு மேலே காது 5 சென்டிமீட்டர், கீழே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வாரில் ஒரு கிலோ அளவு இழுத்தால் மோவாய்ச் சங்கிலியில் இரண்டு கிலோ, நாக்கும் ஈறும் தாங்குவது இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ. பள்ளிக்கூட நெம்புகோல் கணக்குதான். தலைவார் வழியாக உச்சந்தலையிலும் கொஞ்சம் அழுத்தம் போகும். இதெல்லாம் சேர்ந்து குதிரையைத் தலையைத் தாழ்த்தி மோவாயை உள்ளே கொண்டுவரச் சொல்லும். வானம் பார்க்கிற குதிரைக்கு வேண்டியது அதுதான், கீழே சாய்கிற குதிரைக்கு இது வேண்டாத வேலை.

ஒரு கிலோ மூன்றாகிறது என்றால் அது கொடுமைக்கும் வழி, மென்மைக்கும் வழி. ஸ்னாஃபிளில் பத்து கிலோ இழுத்துத் தொங்கிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, கீழ் வாரில் சுண்டுவிரலை மடக்கி, உடனே விட்டுவிடலாம். அந்த ‘உடனே விட்டுவிடலாம்’ இல்லையென்றால் பெல்ஹாம் கிடையாது. விடத் தெரியாத கைக்கு இதைக் கொடுக்கக்கூடாது. ரேஸ் குதிரைக்கு இது இன்னொரு வகையிலும் பொருந்தியது. பிடி விட்டால் வேலை முடிந்தது என்பது அதற்கு ஏற்கெனவே தெரிந்த பாடம், நாங்கள் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, அதன் பாடப்புத்தகத்தையே எடுத்து எங்களுக்கு வேண்டிய பக்கத்தைத் திறந்தோம்.

இரண்டு வளையத்தையும் ஒரு தோல் துண்டால் இணைத்து ஒரே வாராக்கிக்கொள்கிற ஏற்பாடு உண்டு, கைக்கு வசதி. நான் வேண்டாம் என்பேன். எப்போதும் பாதி நெம்புகோல் ஓடிக்கொண்டே இருக்கும், சும்மா நடக்கும்போதும். நான்கு வார் கையில் பழக ஒரு மாதமாவது ஆகும், வியர்வையில் வழுக்கும், கள்ளு வண்டி வரும்போது எந்த வார் எது என்று தடுமாறும். தோப்புக்குள்ளேயே, பாய் பக்கத்தில் நடக்க, பழகிக்கொண்ட பிறகு வெளியே போவதுதான் சரி. நான்கு வார் வேண்டவே வேண்டாம் என்றால் கிம்பிள்விக் இருக்கிறது, ஒரே வார், சின்ன நெம்புகோல், அதே மோவாய்ச் சங்கிலி. குழந்தைகள் ஏறும் மட்டக்குதிரைக்கு நல்லது. ஆனால் அதில் தேவைப்படும்போது மட்டும் என்கிற சலுகை இல்லை.

சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது அத்தனையும் வீண். முறுக்கிக்கொண்டே போனால் கண்ணிகள் எல்லாம் தட்டையாகப் படியும் ஒரு நிலை வரும், அப்படித்தான் மாட்ட வேண்டும், முறுக்கு மாறினால் கண்ணி விளிம்பு எலும்பில் உரசும். மோவாய்க்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் உட்கார வேண்டும், மேலே ஏறித் தாடை எலும்பில் உட்காரக்கூடாது. கீழ் வாரைப் பிடித்து இரும்பின் காது சுமார் 45 டிகிரி பின்னால் வந்ததும் சங்கிலி தொட வேண்டும். முன்னாலேயே தொட்டால் குதிரைக்கு ஓய்வே இல்லை, ரொம்பத் தளர்ந்திருந்தால் இரும்பு முழுக்கத் திரும்பிவிட்டு வெறுமனே தொங்கும். பாய் அதற்கு ஒரு தோல் உறை தைத்துப் போட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் சேண அறையில் தகரக் கூரைக்குக் கீழே மாட்டி வைத்த இரும்பை அப்படியே வாயில் போடாதீர்கள், வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சுட்ட இரும்பை ஒருமுறை வாங்கிய குதிரை அடுத்த நாள் தலையைக் காட்டாது.

கடுமையான இரும்பு என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும், மார்வாரி, கத்தியவாரி என்று காது வளைந்த குதிரைகளெல்லாம் வந்து நிற்கும். சந்தை என்றால் குதிரையோடு சாமானும் வரும், கடிவாளக் கடையில் பார்த்துக்கொண்டே போனால் வாய்க்குள் போகிற பகுதியில் முள் வைத்த இரும்பும் எங்காவது கண்ணில் படும். வண்டிக் குதிரைக்கும் கல்யாண ஊர்வலக் குதிரைக்கும் நாட்டில் பல இடங்களில் இதைப் போடுகிறார்கள். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் என்று 1965-லேயே மத்திய அரசு கொண்டுவந்ததில், முள் வைத்த கடிவாளம் போடக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். முள்ளைப் போட்டுப் பழக்கிய குதிரைக்கு அதற்கு மேல் போட என்ன இருக்கிறது? ஈறு புண்ணாகி, ஆறி, தழும்பேறி, அப்புறம் அதே குதிரையை ‘வாய் கெட்டி’ என்று சொல்லி விலை குறைத்து விற்பார்கள்.

இரும்பே இல்லாத கடிவாளம்? மூக்கை அழுத்துகிற ஹேக்கமோர் வகைகள் இருக்கின்றன, வாயில் புண் இருக்கும் குதிரைக்கு நல்ல மாற்று. ஆனால் நீளக் காதுள்ள ஹேக்கமோரும் நெம்புகோல்தான். மூக்கெலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தால் மூச்சை அடைக்கும், எலும்பின் மெல்லிய நுனியையும் பதம் பார்க்கும். பக்கவாட்டில் திருப்புவதற்கு அது அவ்வளவு உதவாது, எங்கள் வாய்க்கால் கரையின் அகலத்தில் திருப்ப முடியாமல் போனால் நேராகத் தண்ணீருக்குள்தான். இரும்பு இல்லை என்பதாலேயே அதைக் கருணை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, பெல்ஹாம் போட்டதும் செவலை அடங்கிவிட்டதா? பாதி. மீதிப் பாதி கொள்ளில் இருந்தது. ரேஸ் லாயத்துக் கணக்குப்படி கொள்ளும் ஓட்ஸுமாக வந்துகொண்டிருந்தது, வேலையோ தினம் ஒரு மணி நேர நடை. கொள்ளைக் குறைத்து, புல்லையும் சோளத்தட்டையும் கூட்டி, இரவில் கொட்டடியில் கட்டாமல் தோப்புக்குள் அவிழ்த்துவிட்டோம். தேங்காய் விழும் மரங்களுக்கு அடியில் போகாமல் வேலி போடத்தான் செலவு. கொஞ்ச நாளில் கையில் வித்தியாசம் தெரிந்தது.

திரும்பி வரும் வழிதான் எல்லா இழுக்கிற குதிரைக்கும் சோதனை. போகும்போது எறும்பு, வரும்போது புயல். அதனால் போன வழியிலேயே திரும்புவதை நிறுத்தினோம். சுற்றி வருகிற வழியாகப் பார்த்து, எது வீட்டுப் பக்கம் என்று கடைசிக் கிலோமீட்டர் வரைக்கும் குதிரைக்கே உறுதியாகத் தெரியாதபடி. தோப்பு கேட் வந்ததும் உள்ளே நுழையாமல் தாண்டிப்போய் எதிர்த் தோப்பு வரைக்கும் நடந்துவிட்டு வருவோம். சில நாள் கேட்டுக்கு வெளியிலேயே இறங்கிச் சேணத்தைத் தளர்த்திக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போவேன். கேட்டுக்குள் ஓடிப்போனால் தீனி என்கிற கணக்கு அதன் தலையில் இருக்கும் வரைக்கும் எந்த இரும்பும் அதோடு போட்டி போட முடியாது.

வேகம் ஏறும்போது என்ன செய்வது என்றும் கேட்பார்கள். இரண்டு கையாலும் நேராக இழுக்காதீர்கள், நூறு தடவை சொல்லலாம் இதை. ஐம்பது அறுபது கிலோ மனுஷி நானூற்றைம்பது கிலோவை இழுத்து ஜெயிக்க முடியாது, அதற்குச் சாய ஒரு சுவர் கொடுக்கிறோம், அவ்வளவே. நிமிர்ந்து உட்கார்ந்து, எடையைப் பின்னால் வைத்து, ஒரு வாரைப் பிடி, விடு. இன்னொன்றைப் பிடி, விடு. இடம் இருந்தால் வட்டம் போடு, பெரிய வட்டத்திலிருந்து சின்னதாக. முழுப் பாய்ச்சலில் திடீரென்று ஒரு பக்கம் தலையைச் சுருட்டி இழுத்தால் கால் பின்னி விழும், அதுவும் தார் ரோட்டில் லாடம் வழுக்கும். இதெல்லாம் தெரிந்த பிறகு போடுகிற பெல்ஹாம் வேறு, தெரியாமல் போடுகிற பெல்ஹாம் வேறு.

இப்போதைய ஏற்பாடு இது. தோப்புக்குள்ளேயும், கூட இன்னொரு குதிரை வருகிற நாளிலும் இரண்டு மூட்டு ஸ்னாஃபிள், கூடவே மார்ட்டிங்கேல், அதாவது மார்புப் பக்கமிருந்து வரும் தோல் பட்டை, அதன் முனை வளையங்களுக்குள் வார் நுழைந்து போகும், தலை ஒரேயடியாக வானத்துக்குப் போகாமலிருக்க மட்டும், கீழே கட்டிப்போட இல்லை. தனியாக வெளியே போகிற நாளில் பெல்ஹாம். கீழ் வார் பெரும்பாலும் தொங்கிக்கொண்டுதான் வரும். ஆடிக் காற்றில் கட்டாயம் பெல்ஹாம்தான். போன வாரம் சாவடியில் நின்ற போலீஸ்காரர், “குதிரைக்கு பெர்மிட் உண்டோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது செவலை நான்கு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. அவர் தொப்பியை மோந்து பார்த்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: அளவு எடுத்துவிட்டுப் போங்கள். மெல்லிய குழாயோ குச்சியோ இரும்பு உட்கார வேண்டிய இடத்தில் வாய்க்குள் குறுக்கே வைத்து, இரண்டு உதடும் முடிகிற இடத்தில் குறித்துக்கொண்டு, நேர்த்தண்டு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து அரை அங்குலத்துக்குக் குறைவாகக் கூட்டிக்கொள்ளலாம். தரோபிரெட்டுக்கு 5, 5.25, 5.5 அங்குலத்தில் ஏதோ ஒன்று வரும், மார்வாரிக்கு அதைவிடச் சின்னதும் தேவைப்படும். அகலம் அதிகமானால் இரும்பு வாய்க்குள் இங்குமங்கும் நகர்ந்து மூட்டு நடுவில் நிற்காது. வாய் மூலையில் ஒன்றிரண்டு சுருக்கம் விழுகிற உயரத்தில் மாட்டினால் போதும், பெல்ஹாம் என்றால் சுருக்கமே விழாமல் மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தோல் சாமானுக்குக் கான்பூர்ச் சரக்கு நம்பிக்கையானது, சேண வேலைக்காகப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. இரும்பு மட்டும் துருப்பிடிக்காத எஃகாகப் பாருங்கள். பளபளவென்று முலாம் பூசி மலிவாக விற்பது ஒரே மழைக்காலத்தில் உரிந்து, உரிந்த இடம் பிளேடாகிவிடும், மூட்டு தேய்ந்த பழைய இரும்பும் அப்படித்தான், வாங்குவதற்கு முன் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். குதிரையோடு சேர்ந்து எங்களுக்கு வந்ததும் அந்த ரகம்தான். பாய் அதைக் கழற்றிக் கன்றுக்குட்டிப் பட்டியின் படலுக்குக் கொண்டியாகப் போட்டிருக்கிறார், அங்கே நன்றாக உழைக்கிறது.